வேலி போட்டபோது வந்தவர்கள்: வீரகேசரிப் பிரசுரங்களும் யாழ்ப்பாணத்து வாசகரும்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கிழமை, சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக்கு மூன்று இளைஞர்கள் வந்தார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களின் குடும்ப வரலாறுகள், பழைய படங்கள், பள்ளிக்கூடப் பதிவுகள், மூத்தவர்களின் வாய்மொழிகள் என்று நாலைந்து வருடமாகச் சேர்த்து வருகிறார்கள். கணினியில் தட்டி நானூறு பக்கம் வந்துவிட்டது. "எப்போது அச்சுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா, கொழும்பிலயோ சென்னையிலயோ பெரிய பதிப்பகம் ஒண்டு எடுக்கும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறம். அவங்கள் போட்டாத்தான் புத்தகம் நாலு இடத்துக்குப் போகும்" என்றான் ஒருவன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் என்னுடைய தவறு ஒன்றும் கலந்திருக்கிறது. அன்று தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதை முழுவதும் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பெரிய நிறுவனம் ஒன்று நமது புத்தகங்களைத் தேடி எப்போது வருகிறது, எப்போது திரும்பிப் போகிறது, அது போனபின் யார் நிற்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் விடயம்.

முதல் போட்டவர் யார்?

யாழ்ப்பாணத்து அச்சின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்க மிஷனரிமார் அச்சியந்திரம் கொண்டுவந்து 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கினார்கள். ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சுக்கூடத்தை நிறுவினார். இருபதாம் நூற்றாண்டில் சுன்னாகம் ஒரு பதிப்பு ஊராகவே மாறிற்று. நா. பொன்னையா 1930இல் 'ஈழகேசரி'யை ஆரம்பித்தார். பள்ளிக்கூடப் புத்தகங்களை வெளியிட்ட அவர்தான் கணேசையர் உரைக்குறிப்புகளுடன் தொல்காப்பியத்தையும் அச்சிட்டார். இதிலுள்ள கணக்கைக் கவனிக்கவேண்டும். இலக்கியமும் இலக்கணமும் மெதுவாகத்தான் விற்கும். பாடப்புத்தகமோ ஒவ்வொரு தை மாதமும் தவறாமல் விற்கும். புத்தகசாலைகளும் பதிப்பகங்களும் அந்த வருமானத்தில்தான் மூச்சுவிட்டன.

முஸ்லிம்களின் நூல்கள் வேறு வழியாக வந்தன. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைக் கண்டியிலிருந்து நடத்திய சித்திலெவ்வை, 1885இல் 'அசன்பே சரித்திர'த்தை வெளியிட்டார். பத்திரிகையை நடத்தியவர், எழுதியவர், வாசகரைத் தேடி அலைந்தவர் எல்லாம் ஒருவரே. வண்ணார்பண்ணை அசனாலெப்பைப் புலவரைப் போன்றோரின் பாடல்கள், அவற்றை மதித்த தனவந்தரின் கைப்பொருளையும் அன்பர்களின் முயற்சியையும் நம்பித்தான் நூலுருவம் பெற முடிந்தது. வண்ணார்பண்ணையிலே பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்த மர்ஹூம் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் 'இலங்கையில் இஸ்லாம்' 1963இல் வந்தது. இவற்றின் பின்னால் பெரிய பதிப்பு நிறுவனம் எதுவும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். 1960களில் கொழும்பில் எம். ஏ. ரஹ்மான் 'இளம்பிறை' சஞ்சிகையையும் 'அரசு வெளியீடு' என்ற பதிப்பகத்தையும் நடத்தினார். அளவெட்டியைச் சேர்ந்த மஹாகவியின் 'குறும்பா' 1966இல் அரசு வெளியீடாகத்தான் வந்தது. யாழ்ப்பாணத்துக் கவிஞரின் நூலுக்கு ஒரு முஸ்லிம் பதிப்பாளர் முதல் போட்டிருக்கிறார். இதை நமது பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

ஆக, 1970 வரையில் ஈழத்துத் தமிழ்ப் புத்தகம் என்றால் பெரும்பாலும் எழுதியவரே அச்சுக்கூலி கொடுப்பார். ஐந்நூறு, மிஞ்சினால் ஆயிரம் பிரதி. வெளியீட்டு விழா வைத்து, ஊர்ப் பெரியவர் ஒருவர் முதற் பிரதியைக் கூடிய விலைக்கு வாங்குவார். மிச்சம் கட்டிலுக்குக் கீழே. கதை வாசிக்கிற சனம் இந்தியாவிலிருந்து வந்த குமுதம், ஆனந்த விகடன், கல்கியைத்தான் வாங்கியது. அங்கே அச்சிடப்படும் தொகையோடு நமது ஆயிரம் பிரதி விலையில் போட்டிபோட வழியே இல்லை.

வேலி

1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணியைக் காப்பாற்ற இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. மிளகாயும் வெங்காயமும் வராமல் போனபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு விடிந்தது. அந்தக் காலத்து மிளகாய்க் காசில் எழும்பிய கல்வீடுகளை இன்றும் வலிகாமத்தில் காட்டுவார்கள். அதே வேலி சஞ்சிகைகளுக்கும் விழுந்தது. இந்தியத் தமிழ் வார இதழ்களின் வரவு இறுகியது. வாசகர் கையில் காசு இருந்தது, வாசிக்கும் பழக்கமும் இருந்தது. வாசிக்கத்தான் சாமான் இல்லை.

இந்த இடைவெளியைச் சரியாகக் கண்டுகொண்டது வீரகேசரி நிறுவனம். 1930 ஓகஸ்ட் 6ஆம் திகதி சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய நாளிதழ் அது. 1970களில் அதன் நிலை தனித்ததாக இருந்தது. 'தினகரன்' வெளியிட்ட லேக்ஹவுஸை அரசாங்கம் 1973இல் பொறுப்பேற்றது. 1913இல் ஆரம்பித்த பெரும் புத்தக நிறுவனமான எம். டி. குணசேனவின் குடும்பம் நடத்திய பத்திரிகைக் குழுமத்தில்தான் 'தினபதி', 'சிந்தாமணி' வந்தன. அந்தக் குழுமத்துக்கு 1974இல் அரசாங்கம் முத்திரை வைத்துப் பூட்டியது. கொழும்பில் தனியார் கையில் தடையின்றி ஓடிய பெரிய தமிழ் நிறுவனம் வீரகேசரி ஒன்றுதான்.

ஒரு பத்திரிகைக் கம்பனியால் ஏன் இலகுவாகப் புத்தகம் போட முடிந்தது? அதனிடம் அச்சியந்திரம் இருந்தது. விளம்பரத்துக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை, தனது பத்திரிகையிலேயே போடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்தோறும் பேப்பர் ஏஜண்டுமார் இருந்தார்கள். புத்தகசாலையே இல்லாத சந்தியிலும் பேப்பர் விற்கும் கடை உண்டு. பத்திரிகை போகிற இடமெல்லாம் நாவலும் போகலாம்.

1935இல் இங்கிலாந்தில் பென்குவின் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஆறு பென்ஸ் விலையில் மெல்லட்டைப் புத்தகம் போட்டு, சாமான் வாங்கும் சனத்துக்கு வூல்வேர்த் கடைகளிலேயே விற்றார்கள். புத்தகக் கடைக்கு வராதவனைப் புத்தகம் தேடிப் போனது. வீரகேசரி நமது சந்திக் கடைகளில் அதைச் செய்துகாட்டியது.

அப்படி வந்தவற்றில் சில பெயர்களைச் சொல்கிறேன். வன்னியின் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', நெடுந்தீவுக் கடற்கரையைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஆகிய இரண்டும் 1973இல் வந்தவை. செங்கை ஆழியானின் 'காட்டாறு' 1977. மலையகத்தைப் பற்றிய தி. ஞானசேகரனின் 'குருதிமலை' 1979. 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமாகவும் வந்தது. கல்கியும் அகிலனும் மட்டுமே நாவல் என்றிருந்த வாசகருக்கு, தமது ஊர்ப் பேச்சும் தமது ஊர்க் காற்றும் புத்தகத்தில் வரும் என்று இந்த வரிசை பழக்கிவிட்டது. கைக்காசு போட்டு ஐந்நூறு பிரதி அடித்த எழுத்தாளரால் இதைச் செய்திருக்க முடியாது. அந்த நன்றியை மறக்கக் கூடாது.

சந்திக் கடையும் என் கொப்பிகளும்

நான் அப்போது ஒஸ்மானியாக் கல்லூரி மாணவன். எங்கள் பகுதிக்குப் பேப்பர் போடும் காக்கா ஒருவர் இருந்தார். சைக்கிள் கரியரில் பத்திரிகைக் கட்டு, அதன் மேல் புதுப் புத்தகம் வந்தால் நாலைந்து. "தம்பி, புதுசு வந்திருக்கு. வாப்பாட்டக் கேட்டு எடு" என்பார். வாப்பா தையல் கடை வைத்திருந்தார். கதைப் புத்தகத்துக்குக் காசு கேட்டால் முகத்தைச் சுழிப்பார். ஆனால் வாங்கித் தந்தால் இரவில் விளக்கடியில் எனக்கு முன்னே அவரே வாசித்து முடித்துவிடுவார். ஒரு புத்தகம் எங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டைச் சுற்றித்தான் திரும்பி வரும். பெண்டுகள்தான் கூட வாசித்தார்கள். நூலகத்துக்குப் போய்வர வசதியில்லாத உம்மாமாருக்கும் ராத்தாமாருக்கும் புத்தகம் வாசலுக்கு வந்தது என்றால், அது பேப்பர்க்காரரின் சைக்கிளில்தான் வந்தது.

இந்த நாவல்களை வாசித்த கையோடு எனக்கும் ஆசை பிடித்தது. நெடுந்தீவும் வன்னியும் மலையகமும் நாவலாகும் என்றால் சோனகத் தெரு ஏன் ஆகாது? இரும்புக் கடைகள், தையல் கடைகள், லொறிக்காரர், கந்தூரி, கல்யாண வீட்டு ஐந்தாறு நாள் அமளி, வண்ணார்பண்ணைத் தமிழ் வீடுகளோடு இருந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் வைத்து எழுதத் தொடங்கினேன். ஐந்து அப்பியாசக் கொப்பி நிறைந்தது. "அனுப்பிப் பார்" என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் அனுப்பவில்லை. இன்னும் திருத்தவேண்டும், இன்னும் நல்லாக்கவேண்டும் என்று வைத்திருந்தேன். பெரிய இடத்துக்கு அனுப்புவதென்றால் குறை இருக்கக் கூடாது என்பது என் எண்ணம். வேறு சின்ன அச்சகத்தில் கொடுக்கவும் மனம் வரவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானே காத்திருந்தேன்.

வேலி விழுந்தது

1977 யூலையில் அரசாங்கம் மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. மிளகாய்க்கு என்ன நடந்ததோ அதுவே புத்தகத்துக்கும் நடந்தது. இந்தியச் சஞ்சிகைகள் திரும்பவும் தாராளமாக வந்தன. 1969இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'ராணி முத்து' மாதம் ஒரு நாவலை மலிவு விலையில் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே ஒரு இதழுக்கு அடிக்கும் பிரதிக்கும் இங்கே ஒரு நாவலுக்கு அடிக்கும் பிரதிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அச்சுக்கோத்து இயந்திரத்தில் ஏற்றும் செலவு ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான், இலட்சம் பிரதிக்கும் ஒன்றுதான். பிரதி கூடக்கூட ஒன்றின் விலை குறையும். இதில் நாம் தோற்பது எழுத்தின் தரத்தினால் அல்ல, கணக்கினால்.

வீரகேசரிப் பிரசுர வரிசை உடனே நின்றுவிடவில்லை. 'குருதிமலை' போன்ற நல்ல நாவல்கள் அதன் பின்னரும் வந்தன. ஆனால் வேகம் குறைந்து, 1980களின் தொடக்கத்தில் அது தேய்ந்து போயிற்று. நிறுவனம் தனது பத்திரிகைத் தொழிலைத் தொடர்ந்தது. இதைத் துரோகம் என்று சிலர் அந்தக் காலத்தில் மேடைகளில் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கம்பனி என்பது கணக்குப் பார்க்கும் இடம். கணக்குச் சரிவந்தபோது வந்தது, சரிவராதபோது விட்டது. அது வந்ததால் நாம் பெற்றது பெரிது. அது எப்போதும் இருக்கும் என்று நம்பியதுதான் நமது பிழை.

இதே வேளையில் இன்னொரு தூணும் சரிந்தது. 1980இலிருந்து அரசாங்கம் பாடப்புத்தகங்களை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பாடப்புத்தக வருமானத்தில் நின்ற தனியார் பதிப்பகங்களுக்கும் புத்தகசாலைகளுக்கும் அடிப்படை ஆட்டம் கண்டது. தை மாதத்து வியாபாரம் கொப்பியும் பேனையுமாகச் சுருங்கியது. பின்பு பரீட்சை வழிகாட்டிகளும் வினாவிடைத் தொகுப்புகளும் அந்த இடத்தைப் பிடித்தன. இன்று வரைக்கும் பல புத்தகசாலைகளின் அடுப்பு எரிவது அவற்றில்தான்.

சின்ன மனிதர் நின்றார்

பெரியவர் போன பிறகு யார் நின்றார்கள்? யாழ்ப்பாணத்தில் அதற்கு எல்லோரும் சொல்லும் பதில் டொமினிக் ஜீவா. 1966 ஓகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கியபோது அவருக்கு இருந்தது ஒரு சலூன், எழுத்தின் மேல் பைத்தியம், நடப்பதற்குக் கால்கள். சஞ்சிகையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்றார். வாங்கியவரின் முகம் அவருக்குத் தெரியும். காசு தராதவரின் முகமும் தெரியும். 1970களின் வேலிக்குள்ளும் மல்லிகை வந்தது. வேலி விழுந்த பிறகும் வந்தது. யுத்தத்துக்குள்ளும் வந்தது. ஜீவா கொழும்புக்குப் பெயர்ந்த பின் அங்கிருந்தும் வந்து, 2012 வரையில் நின்று பிடித்தது. மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் புத்தகங்களும் போட்டார். திக்குவல்லை கமால் போன்ற தென்னிலங்கை முஸ்லிம் எழுத்தாளர்களை யாழ்ப்பாணத்து வாசகர் அறிந்தது மல்லிகையால்தான்.

அவருடைய வழியில் வளர்ச்சி குறைவு. பிரதி குறைவு. ஆனால் சந்தை மாறியபோது மாற்றிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை, வாசகர் யார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பெரிய நிறுவனத்துக்கு ஏஜண்டைத் தெரியும், வாசகரைத் தெரியாது. இந்த வித்தியாசம்தான் ஒன்று சில வருடங்களில் தேய்ந்ததற்கும் மற்றது நாற்பத்தாறு வருடம் நின்றதற்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நெருப்பும் வெளியேற்றமும்

1981 மே 31ஆம் திகதி இரவும் அதை அடுத்த நாளும் நடந்தவற்றை நான் விவரிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. 'ஈழநாடு' காரியாலயமும் எரிந்தது. ஒரே ஒரு பிரதி மட்டும் இருந்தவை அன்று உலகத்திலேயே இல்லாமல் போயின. பல பிரதி அச்சிட்டவை வேறெங்கோ யாருடைய வீட்டிலாவது இருந்தன.

ஒன்பது வருடம் கழித்து எங்கள் முறை வந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் 70,000க்கும் மேற்பட்டோர். நகையைக் கழற்றி வாங்கிய இடத்தில் கொப்பிகளைப் பற்றி யார் பேசுவார்கள்? பிள்ளையின் பால்மாவும் உம்மாவின் மருந்தும் எடுத்தேன். ஐந்து கொப்பியும் அலுமாரிக்குள் கிடந்தன. பின்னர் வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை, கூரையும் இல்லை.

புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்தபோது எனக்கு வீட்டை விட அந்தக் கொப்பிகள்தான் அடிக்கடி நினைவுக்கு வந்தன. கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தெருவை அந்த நேரத்தில் எழுதியது அதில் இருந்தது. ஒரு சின்ன அச்சகத்தில் முந்நூறு பிரதி அடித்திருந்தால், அதில் முப்பதாவது யாருடைய வீட்டிலாவது இருந்திருக்கும்.

இதை நான் வெறும் ஆதங்கத்தில் சொல்லவில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தது. அதற்கு அடுத்த வருடம் முதன்முறையாக ஊருக்கு வந்தபோது, ரியூட்டறியில் என்னோடு படித்த கொக்குவில் நண்பனைப் பார்க்கப் போனேன். தேநீர் தந்துவிட்டு உள்ளே போனவன் ஒரு புத்தகத்தோடு வந்தான். என் பெயர் எழுதிய 'வாடைக்காற்று'. எப்போதோ இரவல் கொடுத்தது.

"உன்ர புத்தகம். என்னட்டைக் கிடந்தது. தந்திட வேணும் எண்டு வைச்சிருந்தனான்" என்றான்.

1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு ஓடியபோது அவன் எடுத்த பெட்டிக்குள் அதுவும் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் நான் வைத்திருந்தவற்றில் என் கைக்குத் திரும்பி வந்தது அந்த ஒரு புத்தகம்தான். அச்சடித்ததும் இரவல் கொடுத்ததும் தப்பியது. பூட்டி வைத்தது போயிற்று.

இன்றைய சந்தை

இப்போதைய உலகத்துக்கு வருவோம். பென்குவினும் ரன்டம் ஹவுஸும் 2013 யூலையில் ஒன்றாயின. அந்தக் கூட்டு நிறுவனம் சைமன் அன்ட் ஷூஸ்டரையும் ஏறத்தாழ 220 கோடி டொலருக்கு வாங்க முனைந்தது. 2022 ஒக்டோபரில் அமெரிக்க நீதிமன்றம் அதைத் தடுத்தது. வாங்குபவர் குறைந்தால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்பதுதான் அரசாங்கத் தரப்பின் வாதம். அடுத்த வருடம் அந்தப் பதிப்பகத்தை கேகேஆர் என்ற முதலீட்டுக் கம்பனி 162 கோடி டொலருக்கு வாங்கியது. சந்தை மாறும்போது பெரியவர்கள் ஒன்றுசேர்ந்து இன்னும் பெரிதாகிறார்கள், அல்லது கைமாறுகிறார்கள். கொழும்பானாலும் நியூயோர்க் ஆனாலும் கணக்கின் போக்கு ஒன்றுதான்.

தமிழிலும் சந்தை மாறிவிட்டது. 2016 கடைசியில் அமேசானின் கிண்டில் தமிழ் நூல்களை ஏற்றுக்கொண்டது. தேவைக்கு ஏற்ப ஐம்பது, நூறு பிரதி மட்டும் அடிக்கும் டிஜிட்டல் அச்சு வந்துவிட்டது. கொழும்பில் கொடகே போன்ற சிங்களப் பெரும் பதிப்பகம் தமிழ் நூல்களையும் போடுகிறது. ஈழத்தவரின் நூல்கள் சென்னையிலிருந்தும் வருகின்றன. வடமராட்சியில் அல்வாயிலிருந்து 2007 முதல் 'ஜீவநதி' சஞ்சிகை வருகிறது, அதோடு நூல்களும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் எரிந்தது போக மிஞ்சியவற்றைத் தேடி ஏற்றி வைத்திருக்கிறது. வீரகேசரிப் பிரசுரங்களில் பலவற்றை இன்றைய பிள்ளை வாசிப்பதானால் அங்கேதான் வாசிக்கவேண்டும்.

2022இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது எனக்கு 1970கள் திரும்பி வந்தது போலிருந்தது. மார்ச் மாதத்தில் கடதாசி இல்லாமல் மேல்மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சை தள்ளிப்போனது. 'தி ஐலன்ட்', 'திவயின' பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. வேலி திரும்ப விழுந்தது, ஆனால் வேலிக்குள் பயிர் வைக்க எந்த நிறுவனமும் வரவில்லை. காரணம் லேசானது. இந்த முறை வாசகரின் கையில் கைத்தொலைபேசி இருந்தது. அதற்குள் வருவதைச் சுங்கத்தில் மறிக்க முடியாது. 1970களில் பஞ்சம் ஒரு சந்தையை உண்டாக்கியது. இன்றைய பஞ்சம் கடதாசியை மட்டும் விலையேற்றிவிட்டுப் போனது. ஆகவே பெரிய நிறுவனம் ஒன்று தானாக நம்மைத் தேடி வரும் அந்தக் காலம் திரும்பாது என்றே நினைக்கிறேன்.

இளைஞர்களுக்குப் பதில்

அந்த மூன்று பேருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். பெரிய பதிப்பகத்துக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நாலு இடத்துக்குப் போகும் என்று சொன்னீர்களே, அது உண்மை. வீரகேசரி வாங்கித் தராத வாசகரை எங்கள் எழுத்தாளர் ஒருவரும் தாமாகச் சம்பாதிக்கவில்லை. ஆனால் அவர்களின் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். நமது சமூகம் சிறியது. ஊருக்குத் திரும்பி வந்த குடும்பங்கள் கொஞ்சம், புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருப்பவை மிச்சம். எந்தக் கம்பனியின் கணக்கிலும் நாம் ஒரு சந்தையாக வரப்போவதில்லை.

முதலில் இருநூறு பிரதி அடியுங்கள். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் சர்வதேச நூல் எண்ணை எடுத்துப் போடுங்கள். சட்டப்படி கொடுக்கவேண்டிய பிரதிகளைக் கொடுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொன்று, நூலகம் நிறுவனத்துக்கு எண்ணிமப் பிரதி ஒன்று. வாங்குகிற ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த புத்தகத்துக்கு அதுதான் உங்கள் முதல். பெரிய பதிப்பகம் பிறகு கேட்டால் கொடுங்கள். ஆனால் உரிமையைக் காலம் குறிக்காமல் எழுதிக் கொடுக்க வேண்டாம். அவர்கள் விட்டுவிட்டுப் போகும் நாளில் திரும்ப அச்சிடும் உரிமை உங்களிடம் இருக்கவேண்டும்.

பிழை இருக்குமே என்று பயப்படுகிறீர்கள் என்று தெரியும். இருக்கட்டும். பிழையை இரண்டாம் பதிப்பில் திருத்தலாம். இல்லாததைத் திருத்த முடியாது. ஐந்து கொப்பியை அலுமாரியில் வைத்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்.

இதை எழுதி முடித்த பின்னேரம் அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வந்தான். வாசிக்கக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "இருநூறு அடிக்க எவ்வளவு முடியும் மாமா?" என்று கேட்டான். நாளைக்கு இருவருமாகக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் அச்சகங்களில் விசாரிக்கப் போகிறோம்.